பூநாரை நிற்கும் ஆழம்

பழவேற்காட்டுக்காரன் என்று தெரிந்தால் சென்னையில் பலரும் முதலில் கேட்பது, "இந்த வருஷம் பூநாரை எத்தனை வந்திருக்கு?" என்பதுதான். மார்கழி பிறந்துவிட்டால் பால் கடையிலும் பேருந்திலும்கூட இந்தக் கேள்வி வரும். எங்கள் ஊரில் இதை யாரும் கேட்டு நான் கண்டதில்லை. கோட்டைக்குப்பத்திலும் மாதாகுப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும், ஏரிக்குப் போய்த் திரும்பியவனிடம் கேட்பது வேறு: "எங்க நிக்குது?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. பழவேற்காட்டில் பிறந்தேன். வேலை கிடைத்து வேளச்சேரிப் பக்கம் குடிவந்தேன். இன்றைக்கும் என் வீட்டிலிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பேருந்தில் சில நிறுத்தங்கள்தான். அங்கேயும் பூநாரை வருகிறது. ஆனாலும் பறவையைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தொலைநோக்கி வைத்திருந்தவர் அல்லர். கையில் கோல் வைத்திருந்தவர்.

அப்பா மீன் இறங்கும் கரைக்குப் பக்கத்தில் ஐஸ் கடை வைத்திருந்தார். ஐஸ் பாரை உமியில் புதைத்து, கோணி போட்டு மூடி, கேட்பவர்களுக்கு உடைத்துத் தருவார். அவரிடம் ஐஸ் வாங்க வந்தவர்களில் கோட்டைக்குப்பத்துப் பெரியவர் ஒருவரை நான் பெரியப்பா என்று கூப்பிடுவேன். ரத்த உறவு கிடையாது. வயதை வைத்து வந்த முறை அது. அவர் என்னை "நைனா" என்பார். தெலுங்கும் தமிழும் கலந்து புழங்கும் எங்கள் கரையில் அப்பனும் நைனாதான், பிள்ளையும் நைனாதான். பள்ளி விடுமுறை நாட்களில் அவருடைய தோணியில் ஏறிக்கொள்ள எனக்கு அனுமதி உண்டு.

பழவேற்காடு ஏரியை வெளியூர்க்காரர்கள் ஒரே நீர்ப்பரப்பாக நினைக்கிறார்கள். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீளமாகக் கிடக்கிறது. தெற்கே ஆரணி ஆறும் வடக்கே காளங்கியும் நன்னீர் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் வழியாகக் கடல் வந்து போகிறது. இவ்வளவு பெரிய ஏரிக்குச் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆள் இறங்கினால் பல இடங்களில் இடுப்புக்குக்கூட வராது. இங்கே ஒரு சாண் ஆழம் கூடுவதும் குறைவதும் ஒரு குடும்பத்தின் மாச வருமானம்.

எங்கள் ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் நன்றாக விழும் இடங்கள் சில. அந்த இடங்களில் சுத்து வலை கட்டும் உரிமை மூன்று குப்பங்களுக்கும் முறைவைத்துப் போகும். ஊருக்குள் யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். வற்று நீரோடு கடலுக்குத் திரும்பும் இறாலை வழியில் மறித்துக் கட்டுகிற வலை அது. நீர் ஏறும் நேரம், இறங்கும் நேரம், அடியில் சேறு எங்கே மேடு தட்டியிருக்கிறது என்பதெல்லாம் தெரியாதவன் சீட்டில் நல்ல இடம் வந்தாலும் வெறும் வலையோடுதான் திரும்ப வேண்டும்.

பெரியப்பா அந்த மேடு பள்ளத்தைப் பறவைகளை வைத்துச் சொல்லுவார். கரையிலிருந்தே கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். உப்புக்கொத்தி ஓடியும் நின்றும் கொத்தினால் அங்கே தண்ணீரே இல்லை, ஈரச் சேறு. சின்ன உள்ளான்கள் கூட்டமாக மேய்ந்தால் விரல் கணு அளவு. கருவால் மூக்கன் நீண்ட அலகைக் கண்வரை சேற்றில் விட்டுக்கொண்டிருந்தால் ஒரு சாண் இருக்கும். சாம்பல் நாரை ஆடாமல் நிற்கிறதென்றால் முழங்காலுக்குக் கீழே. அங்கே மடவைக் குஞ்சு திரிகிறது. பூநாரை தொடைவரை இறங்கி நிற்கும். நீர்க்காகம் முங்கி முங்கி எழுந்தால்தான் தோணிக்குத் தண்ணீர். ஆலாக்கள் ஒரே இடத்தில் தொப்புத் தொப்பென்று விழுந்தால் அடியில் பெரிய மீன் ஏதோ சின்ன மீனை மேலே விரட்டுகிறது. ஏரி முழுக்கப் பறவைகள் உயிருள்ள அளவுகோல்களாக ஊன்றி நின்றன. காலின் நீளத்தை வைத்து எந்தப் பறவை எவ்வளவு தண்ணீரில் மேயும் என்பதைப் பிற்பாடு நான் புத்தகங்களில் படித்தேன். பெரியப்பா சொன்னதில் திருத்த எதுவும் இல்லை.

ஒரு தை மாதக் காலையில் வலையைத் தூக்கிவிட்டு வடக்கே போனோம். வெயில் ஏறவில்லை. எதிரில் நீளக்கோடாக இளஞ்சிவப்பு. நான் அதைப் பார்த்து ஏதோ கத்தினேன். பெரியப்பா கோலை நீரில் விட்டார். பாதிக் கோல்கூட இறங்கவில்லை.

"எங்க நைனா காலத்துல இந்த எடத்துல கோல் தட்டாதுடா. பாய் விரிச்சுத்தான் போவோம். இப்ப இதுங்க நடந்து போவுது பாரு" என்றார்.

அவர் குரலில் பறவை மேல் கோபம் எதுவும் இல்லை. ஏரி தூர்ந்துகொண்டு வருகிறது என்பதை அந்தச் சிவப்புக் கோடு அவருக்குச் சொன்னது, அவ்வளவுதான். நகரத்திலிருந்து வருகிறவர்கள் பூநாரை அருகில் வந்துவிட்டது என்று மகிழ்கிற அதே காட்சி, ஏரியில் பிழைக்கிறவருக்கு வேறு செய்தி. அன்றிலிருந்து எண்ணிக்கையை மட்டும் சொல்லுகிற செய்திகளை என்னால் முழுதாக நம்ப முடிவதில்லை.

பூநாரை தின்கிற விதம் இந்த ஏரிக்கென்றே அமைந்தது போலிருக்கும். தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீரில் விடும். நாக்கு முன்னும் பின்னும் ஓடி நீரை உறிஞ்சித் தள்ளும். அலகின் ஓரத்தில் உள்ள சீப்புப் பற்கள் பாசியையும் சிற்றுயிர்களையும் பிடித்துக்கொள்ளும். காலால் சேற்றைக் கிளறிக்கொண்டே வட்டமாகச் சுற்றும். அதன் சிவப்பு, தின்கிற பாசியிலும் நுண்ணிய இறாலினங்களிலும் உள்ள நிறமியிலிருந்து வருவது. குஞ்சு பொரிக்கும்போது சாம்பல் நிறம்தான். இந்தியாவில் அவை பெரும் எண்ணிக்கையில் கூடு கட்டுவது கட்ச் பாலைவனத்தின் உப்புச் சேற்றில். மழை முடிந்து இங்கே வருகின்றன. இளம் பறவைகள் சில கோடையிலும் தங்கிவிடும். அவற்றுக்கு வேண்டியது உப்பு, சேறு, ஆழமில்லாத தண்ணீர், தொந்தரவில்லாத வெளி. இந்த நான்கில் முதல் மூன்றும் ஏரி சாகும்போது கொஞ்ச காலத்துக்குக் கூடவும் செய்யலாம்.

அது எப்படி என்று முகத்துவாரத்தைப் பார்த்தால் விளங்கும். எங்கள் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகருகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் ஏரியிலிருந்து கடலுக்குப் பாயும்போது முகத்துவாரத்தை அகலத் திறந்துவிடும். கோடையில் மணல் அதை அடைக்கும். அடைத்தால் கடல் நீர் வராது, இறால் குஞ்சு உள்ளே வராது, உள்ளே இருக்கிற தண்ணீர் வெயிலில் வற்றிக் கடலைவிடக் கரிக்கும். சின்ன வயதில் ஊரே சேர்ந்து மண்வெட்டியும் கூடையுமாகப் போய் மணலை அள்ளி வாய் திறந்ததைப் பார்த்திருக்கிறேன். இடுப்புத் தண்ணீரில் நின்று ஆண்கள் மண் வெட்ட, கரையில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும். முதல் ஓட்டம் உள்ளே பாய்ந்ததும் எழும் கூச்சல் கடைத்தெரு வரைக்கும் கேட்கும். சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்து, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனதை ஒரு நூற்றாண்டாக அனுபவித்தவர்கள் நாம். அதற்குப் பிறகும் 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. அடுத்து காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. அவற்றின் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு வடக்கே உள்ள குப்பங்களில் கரை அரிக்கிறது என்று மக்கள் சொல்லாத நாள் இல்லை.

வடக்கே ஆந்திரத்தில் இன்னொரு தடை இருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே போட்டது. விண்வெளித் தளத்துக்கு அது தேவை. 1971-இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ஆனால் அந்தக் கரைச்சாலைக்கு அப்பால் தண்ணீர் முன்போல் தடையில்லாமல் போய்வர வழியில்லை. கோடையில் அந்தப் பக்கம் வெடித்த சேறு. மழை முடிந்த மாதங்களில் சாலையின் இரு மருங்கிலும் பூநாரைக் கூட்டம் நிற்கும். பேருந்தில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகவே படம் எடுக்கிறார்கள். சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழாவும் நடக்கிறது. பறவையைக் கொண்டாடுவது நல்லதுதான். மேடையில் தண்ணீரைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்று எனக்கு ஆசை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தை மாதக் கணக்கெடுப்புகளில் கலந்துகொள்ளத் தொடங்கினேன். 1987 முதல் ஆசிய நாடுகளில் ஜனவரியில் நடக்கிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பழவேற்காட்டிலும் நடக்கும். தமிழ்நாட்டுப் பகுதி 1980-இலேயே பறவைகள் சரணாலயமாகிவிட்டதால் வனத்துறையும் ஆட்களை அனுப்பும். தோணிக்காரர்களோடு பேசுவதற்கு என்னை அழைத்துக்கொள்வார்கள். கணக்கெடுக்க வந்த பிள்ளைகள் எவ்வளவு அக்கறையோடு வேலை செய்வார்கள் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பனியில் நடுங்கிக்கொண்டு, கூட்டத்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பறந்து கலைந்தால் மறுபடி முதலிலிருந்து எண்ணுவார்கள்.

மழை பொய்த்த ஒரு வருஷத்தின் தையில், பார்த்த இடமெல்லாம் பறவையாக இருந்தது. பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம். எங்களை ஏற்றிச் சென்ற தோணிக்காரர், பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, மெதுவாகச் சொன்னார்: "சுத்துப்பட்டுல ஒரு ஏரியிலயும் தண்ணி இல்ல. இருக்கிற தண்ணிக்கு எல்லாம் இங்க வந்துட்டுது." மறு வருஷம் நல்ல மழை. ஊர் ஏரிகளெல்லாம் நிரம்பி, பறவைகள் பரந்து போயின. எங்கள் தாளில் எண் குறைந்தது. செழிப்பான வருஷத்துக்குச் சிறிய எண், வறண்ட வருஷத்துக்குப் பெரிய எண். தாளை மட்டும் பார்க்கிறவர் என்ன முடிவுக்கு வருவார்?

அந்தத் தாளில் காகத்துக்கு இடமே இல்லை. அது நீர்ப்பறவை இல்லையே. ஆனால் என் ஊரில் நடந்த மாற்றத்தை எனக்கு முதலில் காட்டியது காகம்தான். பெரியம்மா கருவாடு காயப்போடும்போது ஒரு பையனைக் குச்சியோடு உட்காரவைத்தால் போதும். மேலே கருடன் வட்டமிடும். வெள்ளைக் கழுத்தும் செம்பழுப்பு இறக்கையுமாக இறங்கி ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு போகும். அதற்கு ஒரு மீன் விட்டுக்கொடுப்பதில் பெரியம்மாவுக்கு வருத்தம் இருந்ததில்லை. பாலம் வந்து, கார்கள் வந்து, கடைத்தெருவில் பிரியாணிக் கடைகள் பெருகி, பாலித்தீன் பைகளோடு குப்பைமேடு உருவான பிறகு காகங்கள் நூற்றுக்கணக்கில் சேர்ந்தன. அவற்றோடு குப்பையில் மேயும் கரும்பருந்தும். இப்போது கருவாட்டின் மேல் பழைய வலையை இழுத்துக் கட்டாமல் எவரும் நகர முடியாது. கருடன் அருகிவிடவில்லை, ஆனால் நான் சின்ன வயதில் பார்த்த மாதிரி ஊர்மேல் அதிகாரமாகச் சுற்றுவதில்லை. மீனை நம்பும் பறவை ஒதுங்கி, குப்பையை நம்பும் பறவை பெருகும்போது நகரம் வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். பெயர்ப்பலகையை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்.

ஊர்க்காகம் மனிதன் இல்லாத இடத்தில் வாழாது. கப்பல் ஏறி ஆப்பிரிக்கக் கரைக்கும், 1990-களில் நெதர்லாந்தின் ஒரு துறைமுகத்துக்கும்கூடப் போய்க் குடியேறியிருக்கிறது. 1613-இல் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டியது எங்கள் ஊரில். அவர்களுடைய கல்லறைகள் இன்னும் இங்கே இருக்கின்றன. அவர்கள் தேசத்துத் துறைமுகத்தில் நம் காகம் கத்தியது என்று படித்த நாளில் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

சிட்டுக்குருவி போனதற்குச் செல்பேசிக் கோபுரத்தைக் காரணம் சொல்வார்கள். எங்கள் குப்பங்களில் நான் கண்ட காரணம் கூரை. பனையோலைக் கூரைக்கும் மண்சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கில்தான் குருவி கூடு வைத்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கான்கிரீட் வீடுகள் வந்தன. மக்களுக்கு அந்த வீடு அவசியம். புயலில் உயிர் பிழைக்க அதுதான் வழி. சுவரில் குருவிக்கு ஒரு பொந்து விட்டுக் கட்ட யாருக்கும் தோன்றவில்லை, அதற்குச் செலவும் இல்லை.

நெடுங்கால் உள்ளானையும் சொல்ல வேண்டும். சிவந்த நீண்ட கால்களோடு அழகான பறவை. சாக்கடை கலந்த குட்டையிலும் அது நன்றாகவே வாழும். அங்கே புழுவுக்குக் குறைவில்லை. பள்ளிக்கரணையில் கழிவுநீர் வந்து விழும் ஓரத்தில் அதைத்தான் அதிகம் காண்கிறேன். பழவேற்காட்டில் கடைத்தெருவின் சாக்கடை ஏரியில் சேரும் மூலையில் அது கூட்டமாக நிற்கத் தொடங்கியபோது எனக்குச் சுருக்கென்றது. அந்த மூலையில்தான் முன்பு மூக்கன்கள் நின்றன.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அண்ணன் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார், போய்ப் பார்த்தேன். மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை மொண்டு டிரம்மில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். கை முழங்கைவரை கறுப்பு. கொஞ்ச தூரத்தில் கூழைக்கடாக்கள் வயிறும் இறக்கையும் பழுப்பேறி மிதந்தன. எண்ணெய் படிந்தால் இறகின் அடுக்குக் குலைந்து உள்ளே நீர் புகும், உடம்பு குளிரும், அலகால் கோதக் கோத எண்ணெய் வயிற்றுக்குள் போகும். வனத்துறையினர் பிடித்துக் கழுவ முயன்றார்கள். பறக்கத் தெம்புள்ள பறவை பிடிக்கு அகப்படாது. அகப்படும்போது தெம்பு போயிருக்கும். அந்தக் கூழைக்கடாக்களில் சில வடக்கே நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூடு கட்டுகிறவையாக இருக்கலாம் என்று எண்ணியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எண்ணூரும் பழவேற்காடும் வேறு வேறு என்று வரைபடத்தில் கோடு போடலாம். பக்கிங்ஹாம் கால்வாய் இரண்டையும் சேர்க்கிறது. பறவைக்கு அரை மணி நேரம்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிவாக்கும் திட்டத்துக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு அறிவிக்கப்பட்டபோது, 2021-லும் 2023-லும், எங்கள் குப்பங்களில் கூட்டங்கள் நடந்தன. கருத்துக் கேட்பு இருமுறையும் தள்ளிப்போனது. ஊர்க் கூட்டத்தில் நான் கேட்ட பேச்சில் என்னை உட்காரவைத்தது இருளர் பெண்கள் பேசியது. அவர்களுக்குத் தோணி இல்லை, வலை இல்லை. பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் தவழ்ந்து, இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். "கொக்கு எங்க நிக்குதோ அங்கதான் நாங்க எறங்குவோம். அது எங்களப் பார்த்தா பறக்காது" என்றார் ஒரு அக்கா. பறவைப் பட்டியல்களில் சின்னக் கொக்கு 'சாதாரணம்' என்ற வகையில் வரும். அது நிற்கும் சேற்று விளிம்பில் ஒரு குடும்பத்தின் அன்றைய உலை இருக்கிறது என்பதற்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது.

அதனால்தான் பள்ளிக்கரணையில் பூநாரை வந்த செய்தியை நண்பர்கள் மகிழ்ச்சியோடு அனுப்பும்போது நான் எதிர்க்கேள்வி கேட்கிறேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் பல ஆயிரம் ஹெக்டேரில் விரிந்திருந்த சதுப்பு அது. பெரும்பகுதி குப்பைக்கும் சாலைக்கும் கட்டடத்துக்கும் போய்விட்டது. 2022-இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது ஆறுதல். அங்கே நிற்கும் பூநாரை, சதுப்பு தேறிவிட்டது என்று சொல்லுகிறதா, அல்லது அது வழக்கமாகப் போகும் இடத்தில் ஏதோ கெட்டுவிட்டது என்று சொல்லுகிறதா? பள்ளிக்கரணையை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. அதே வாரத்தில் பழவேற்காட்டில் முகத்துவாரம் திறந்திருந்ததா, தண்ணீர் எவ்வளவு கரித்தது, எந்தச் சேற்றில் யார் நின்றார்கள் என்பதும் தெரிய வேண்டும்.

பெரியப்பா இப்போது இல்லை. அண்ணனும் நானும் கணக்கெடுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் பேசி ஒரு வேலையைத் தொடங்கியிருக்கிறோம். பறவையின் பெயர், எண்ணிக்கை என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் அவர்கள் இன்னும் சில கட்டங்கள் வரைகிறார்கள். பறவை எந்த இடத்தில், எவ்வளவு நீரில் நின்றது, மேய்ந்ததா, ஓய்ந்திருந்ததா, தோணிக்காரர் அதைப் பற்றி என்ன சொன்னார். அண்ணன் கோலில் சாணுக்கு ஒரு கோடாகப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். முகத்துவாரத்தின் இருபுறமும் கல் கொட்டிச் சுவர் எழுப்பி வாயை நிலையாகத் திறந்துவைக்கும் வேலையை அரசு எடுத்துக்கொண்டிருக்கிறது. அது பலித்தால் தெற்கு மூலையில் தண்ணீர் ஏற வேண்டும், பூநாரை இன்னும் வடக்கே தள்ளிப் போக வேண்டும், இப்போது அது நடக்கிற இடத்தில் நீர்க்காகம் முங்க வேண்டும். கார்களில் வருகிறவர்களுக்குப் படம் சரியாக விழாது, ஏமாற்றத்தோடு திரும்புவார்கள். அந்த வருஷம் சுத்து வலையில் இறால் எத்தனை கூடை விழுந்தது என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ள அண்ணன் சம்மதித்திருக்கிறார். மாதாகுப்பத்திலும் ஆண்டிக்குப்பத்திலும் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.